எத்தனை அந்தோணி?

ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை, காமராஜர் பற்றி ஒரு கட்டுரை, நாலு கடி ஜோக், நடுவிலே ஒரு பென்சில் ஓவியம்... இப்படித்தான் பக்கங்கள் நிறையும். மலர்க்குழுத் தோழர்கள் என்னைப் பார்த்து, "நீ கம்ப்யூட்டர் குரூப்தானடே, ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் குடு" என்று கேட்டுவிட்டார்கள். சரி, டெக்னிக்கலாகவே எழுதுகிறேன். ஆனால் இது எங்க கடற்கரைக் கதையும்கூட. மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பாதியில் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்.

ரிசல்ட் வருகிற அன்றைக்கு நீங்கள் போனில் உங்கள் பெயரையா தட்டுகிறீர்கள்? இல்லையே! ரெஜிஸ்டர் நம்பரைத்தானே தட்டுகிறீர்கள்? பெற்றவர்கள் ஆசை ஆசையாய் வைத்த பெயர் அங்கே செல்லாது. நம்மைக் கேட்காமல் யாரோ கொடுத்த எண்தான் செல்லும். டேட்டாபேஸ் பாடத்தில் இதற்குப் 'பிரைமரி கீ' என்று பெயர். ஒரு டேபிளில் ஆயிரம் வரிசை இருந்தாலும், இந்த ஒரு பீல்டை மட்டும் பார்த்து ஒரு வரிசையைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடலாம். இரண்டு வரிசைக்கு ஒரே கீ வரக்கூடாது. காலியாகவும் இருக்கக்கூடாது. இரண்டு மார்க் கேள்விக்கு இவ்வளவு போதும். ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது, யார் கொடுக்கிறார்கள், ஒரே நேரத்தில் இரண்டு பேர் கொடுத்தால் என்ன ஆகும்? இதெல்லாம் இரண்டு மார்க்கில் அடங்காத விஷயம்.

எங்கள் பக்கத்து ஊர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வேம்பார், தருவைகுளம், புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று எந்தக் கடற்கரைக்குப் போனாலும் அந்தோணி, சேவியர், ஜோசப், மிக்கேல் என்றுதான் இருக்கும். பின்னால் பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாது, கொரைரா, மிராண்டா, மோத்தா. இது 1535-37 வாக்கில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியர் மூலமாக ஞானஸ்நானம் பெற்றபோது வந்த வரிசை. பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542-ல். கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷமாக ஒரு சின்னப் பெயர்ப் பெட்டிக்குள்ளிருந்தே பெயர்களை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறோம். உவரி அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

"இனிஷியல் இருக்கே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். இங்கேதான் வேடிக்கை. எங்கள் ஊரில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். ஜோசப் மகன் அந்தோணி, அந்தோணி மகன் ஜோசப், அந்த ஜோசப் மகன் மறுபடியும் அந்தோணி. அப்படியென்றால் தாத்தாவும் ஜோ. அந்தோணி, பேரனும் ஜோ. அந்தோணி! இனிஷியல் போட்டும் பிரியவில்லை. அதே வீடு, அதே கதவு எண், ஒரே ரேஷன் கார்டு. இங்கிலீஷில் எழுதும்போது இன்னொரு கூத்து. 'எச்' போட்டு ஒரு அந்தோணி, போடாமல் ஒரு அந்தோணி, கடைசியில் 'ஒய்' போட்டு ஒருவர், 'ஐ' போட்டு ஒருவர். ஒரே ஆளே நாலு சர்ட்டிபிகேட்டில் நாலு மாதிரி இருப்பார். ஆக, வேறு வேறு ஆட்கள் ஒரே பெயரில் இருக்கிறார்கள், ஒரே ஆள் வேறு வேறு பெயரிலும் இருக்கிறார். இந்த இரண்டு தொல்லையும் தனித்தனித் தொல்லைகள். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தப்பா ஒரு அந்தோணி. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நம்ம கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு மாசத்துக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது. ஒரு வருஷம் சித்தப்பாவுக்கு மட்டும் அது வரவில்லை. போய்க் கேட்டால், "உமக்குக் குடுத்தாச்சே, இந்தா பாரும்" என்று பட்டியலைக் காட்டினார்களாம். பட்டியலில் அவர் பெயர் இருந்தது, அவருடைய அப்பா பெயரும் இருந்தது, ஊரும் சரி. பேங்க் கணக்கு மட்டும் வேறு. அதே பெயர், அதே இனிஷியல் உள்ள இன்னொருவர் கணக்கில் இரண்டு பேர் பணமும் ஏறியிருக்கிறது. அந்த மனுஷனையும் குறை சொல்ல முடியாது. போன வருஷத்துப் பாக்கிதான் சேர்ந்து வந்திருக்கிறது என்று நினைத்து வலைக்குச் செலவழித்துவிட்டார். சித்தப்பா அலையாய் அலைந்து அது சரியாவதற்குள் தடைக்காலம் முடிந்து, பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. பிள்ளைகள் பீசுக்குச் சித்தியின் கம்மல் அடகுக்குப் போனது. "நானே நாந்தான்னு நிரூபிக்க எத்தன பேப்பர்டே வேணும்?" என்று சித்தப்பா கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இதனால்தான் மூன்றாம் வருஷ புராஜெக்டுக்கு நாங்கள் நாலு பேரும் வேறு தலைப்பைத் தேடவே இல்லை. எங்கள் ஊர்ச் சங்கத்து உறுப்பினர் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று முடிவு செய்தோம். லைப்ரரி மேனேஜ்மெண்ட், பேரோல் என்று வருஷா வருஷம் ஒரே புராஜெக்டுக்கு வேறு அட்டை போட்டுக் கொடுப்பதைவிட இது மேல் இல்லையா? (சீனியர்கள் மன்னிக்க!)

சங்கத்து நோட்டைத் திறந்து பார்த்தபோது ஒரு ஆச்சரியம். பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் பட்டப்பெயர் எழுதியிருந்தது. சிலோன் அந்தோணி, கட்டை அந்தோணி, ரேடியோ அந்தோணி. கொழும்புக்குப் போய்வந்த தாத்தாவின் பேரன் சிலோன். ஊரிலேயே முதலில் ரேடியோ வாங்கிய வீட்டுக்காரர் ரேடியோ. பாருங்கள், டேட்டாபேஸ் பாடம் படிக்காத நம்ம ஆட்கள், பெயர் கீயாக உதவாது என்று எப்போதோ கண்டுபிடித்து, தனியாக ஒரு கீயை உண்டாக்கியிருக்கிறார்கள். ஊருக்குள் அது அருமையாக ஓடுகிறது. ஆனால் ஊர் எல்லையைத் தாண்டினால் ஓடாது. தருவைகுளத்திலும் ஒரு கட்டை அந்தோணி இருப்பார்! அரசாங்க பாரத்தில் பட்டப்பெயருக்குக் கட்டமும் கிடையாது.

அப்புறம் எண்தான். சுலபமான வழி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போவது. மை எஸ்.க்யூ.எல்லில் 'ஆட்டோ இன்க்ரிமெண்ட்' என்று ஒரு வார்த்தை போட்டால் அதுவே கொடுத்துவிடும். நம்மில் சிலர் அதைப் போடாமல், டேபிளில் உள்ள பெரிய எண்ணை எடுத்து ஒன்றைக் கூட்டுகிற கோடு எழுதுவார்கள். லேபில் நன்றாகத்தான் ஓடும், ஏனென்றால் லேபில் ஒரே ஆள்தான் தட்டுகிறார். இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து ஒரே நொடியில் இரண்டு பேர் கேட்டால், இரண்டு பேருக்கும் பெரிய எண் 411 என்றே தெரியும், இரண்டு பேரும் 412 என்று எழுதப் போவார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. கடைசி உறுப்பினர் 412 விலகிவிட்டார், வரிசையை அழித்தாயிற்று. அடுத்து வருகிறவருக்கும் 412 கிடைக்கும். பழைய 412-ன் கடன் ரசீதெல்லாம் புது ஆள் தலையில்! ஒரு முறை கொடுத்த எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்கக்கூடாது. ஆள் செத்துப்போனாலும் எண் அவருடையதுதான்.

முதல் ரிவ்யூவில் எங்கள் கைடு சார் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஏம்ப்பா, பதிவு எங்க வச்சு நடக்கும்?" கோவில் திடலில் என்றோம். "டவர் கிடைக்குமா?" கிடைக்காது. "எத்தனை லேப்டாப்?" இரண்டு. "அப்ப ரெண்டு லேப்டாப்பும் ஒண்ணுக்கொண்ணு பேசாம இருக்கும்போது, ரெண்டும் எந்த எண்ணைக் குடுக்கும்?" நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உண்மையில் முழு புராஜெக்டும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரே ஆள் எண் கொடுத்தால் எந்தச் சிக்கலும் இல்லை. ஒருவரையொருவர் கேட்க முடியாத பல பேர், பல இடத்தில், ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும், ஆனாலும் மோதக்கூடாது. இது எப்படி?

இதற்கு விடை நம்ம ஊர் ஹார்பர் ரோட்டில் தினமும் லாரியேறிப் போகிறது.

தூத்துக்குடி துறைமுகம் 1974 ஜூலை 11-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது, இதெல்லாம் பொது அறிவுக் கேள்வி. அதன் வழியாகப் போகும் கண்டெய்னர்களின் கதவைக் கவனித்திருக்கிறீர்களா? நாலு எழுத்து, ஆறு இலக்கம், அப்புறம் கட்டத்துக்குள் தனியாக ஒரு இலக்கம். உலகம் முழுக்க இதே முறைதான், ஐ.எஸ்.ஓ. 6346 என்று பெயர். முதல் மூன்று எழுத்து பெட்டியின் சொந்தக்காரர். அதைப் பாரிசில் 1933 முதல் இருந்துவரும் சர்வதேச கண்டெய்னர் பீரோ பதிவு செய்து கொடுக்கிறது. நாலாவது எழுத்து 'யூ' என்றால் சரக்குப் பெட்டி. அடுத்த ஆறு இலக்கத்தைச் சொந்தக்காரரே தன் இஷ்டப்படி போட்டுக்கொள்ளலாம், மொத்தம் பத்து லட்சம் எண்கள்.

இதில் உள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் பாரிசுக்குப் போன் போட்டு "ஐயா, அடுத்த எண் என்ன?" என்று யாரும் கேட்பதில்லை. மூன்றெழுத்தை ஒரே ஒரு தடவை கேட்டு வாங்கிவிட்டால் போதும். அதற்குப் பிறகு கொழும்புக்காரரும் சிங்கப்பூர்க்காரரும் ஒருவரையொருவர் கேட்காமலே எண் போடலாம், மோதவே மோதாது. நம்ம விசைப்படகு எண்ணும் இதே ஜாதிதான். ஐ.என்.டி., டி.என்., பிறகு மாவட்டத்துக்கு ஒரு எண் (ராமநாதபுரம் 10, நாம் 12), விசைப்படகு என்றால் எம்.எம்., அதற்குப் பிறகுதான் படகின் வரிசை எண். 2008 நவம்பரில் பம்பாயைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைப் பிடித்து அதில் வந்தார்கள் என்று தெரிந்த பிறகு, நாடு முழுக்கப் படகுப் பதிவை ஒரே மாதிரி ஆக்குவதில் வேகம் வந்தது. ஒரு படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டால் காலைச் செய்தியில் முதலில் வருவது இந்த எண்தான். ஆட்கள் பெயர் வர மத்தியானம் ஆகும். எங்கள் தெருவில் பெண்கள் வீட்டு ஆண்கள் ஏறிய படகின் கடைசி நாலு இலக்கத்தை மனப்பாடமாக வைத்திருப்பது எதற்கு என்று இப்போது புரியும்.

கண்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கத்துக்கு வருவோம். அது பெட்டிக்குச் சொந்தமான இலக்கம் இல்லை, காவல்காரன். முன்னால் உள்ள பத்து எழுத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. கணக்கு நோட்டை எடுங்கள், போட்டுப் பார்த்துவிடலாம். எழுத்துகளுக்கு 'ஏ' 10-ல் தொடங்கி மதிப்பு உண்டு, 11, 22, 33 மூன்றையும் தாண்டிவிட வேண்டும். சி 13, எஸ் 30, க்யூ 28, யூ 32. புத்தகங்களில் வரும் ஒரு மாதிரி எண்: சி.எஸ்.க்யூ.யூ. 305438. முதல் எழுத்தை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், பிறகு 4, 8, 16 என்று இரட்டிப்பாக்கிப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். 13, 60, 112, 256, 48, 0, 320, 512, 768, 4096. கூட்டினால் 6185. இதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே கட்டத்துக்குள் 3.

இப்போது யாரோ அவசரத்தில் 305438-ஐ 350438 என்று மாற்றி எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டல் 6025 ஆகும், மீதி 8. கட்டத்தில் 3 இருக்கிறதே! கம்ப்யூட்டர் உடனே 'தப்பு' என்று சொல்லிவிடும். இரட்டிப்பு எடை எதற்கு என்றால் இதற்குத்தான். சும்மா கூட்டினால் 05-ம் 50-ம் ஒன்றுதான். இடத்துக்கு இடம் எடை மாறினால்தான் இடமாற்றம் தெரியும். மீதி 10 வந்தால் ஒரு இலக்கத்தில் எழுத முடியாது, 0 என்று எழுதுவார்கள். அது கொஞ்சம் ஓட்டைதான், அதனால் அப்படி வரும் எண்களைத் தவிர்ப்பது நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹார்பர் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து, போகிற பெட்டி எண்ணையெல்லாம் குறித்து, கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. டீ மாஸ்டர் என்னை ஏதோ கஸ்டம்ஸ் ஆள் என்று நினைத்து இரண்டாவது டீக்குக் காசு வாங்கவில்லை.

கப்பலுக்கும் இப்படி ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் உண்டு, 1996 முதல் பெரிய கப்பல்களுக்கு அது கட்டாயம். கப்பல் விற்கப்படலாம், பெயர் மாறலாம், கொடி மாறலாம், எண் மட்டும் உடைக்கிற வரைக்கும் மாறாது. பெயர் என்பது கப்பலைப் பற்றிய ஒரு தகவல், அவ்வளவுதான். அது அடையாளம் இல்லை.

அடையாளம் வேறு, தரம் வேறு என்பதற்கும் நம்ம ஊரிலேயே உதாரணம் உண்டு. அந்தக் காலத்தில் முத்துகளைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்தார்கள். 20 துளை உள்ளதில் தங்கினால் பெரிய முத்து, 1000 துளை உள்ளதில் தங்கினால் பொடி. சல்லடை எண் முத்தின் ரகத்தைச் சொல்லும், எந்த முத்து என்று சொல்லாது. சங்கத்து நோட்டில் 'விசைப்படகு', 'நாட்டுப்படகு' என்ற பீல்டு சல்லடை மாதிரி. அதைக் கீயோடு கலக்கக்கூடாது. (தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். பிறகு 1973-ல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இங்கேயே சிப்பிக்குள் வளர்ப்பு முத்து உண்டாக்கிக் காட்டினார்கள். மலர்க்குழுவுக்குத் தனிக் கட்டுரைக்கு விஷயம் தயார்!)

சரி, லேப்டாப்புக்கு வருவோம். எங்கள் டீமில் ஒருவன் சொன்னான், "எதுக்கு இவ்ளோ கஷ்டம்? ரேண்டமா ஒரு ஆறு இலக்க எண்ணைப் போட்டுருவோம். பத்து லட்சம் எண் இருக்கு, நம்ம ஆளு எத்தன பேரு?" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிறந்தநாள் கணக்கு தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு அறையில் 23 பேர் இருந்தாலே இரண்டு பேருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 60 பேர் வகுப்பு என்றால் 99 சதவீதத்துக்கும் மேல். உங்கள் கிளாசில் இன்றைக்கே விசாரித்துப் பாருங்கள். அதே கணக்கைப் பத்து லட்சத்துக்குப் போட்டால், சுமார் 1,200 பேரைப் பதிவு செய்தாலே எங்கேயோ இரண்டு எண் மோதப் பாதி வாய்ப்பு! பக்கத்து நாலு ஊரையும் சேர்த்தால் எங்கள் கதை முடிந்தது.

ரேண்டம் என்றால் எண் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிது? அதற்குத்தான் யூ.யூ.ஐ.டி. மைக்ரோசாப்ட்காரர்கள் ஜி.யூ.ஐ.டி. என்பார்கள். 128 பிட், ஹெக்சாடெசிமலில் 32 இலக்கம், நடுவில் நாலு சின்னக் கோடு. நாலாவது வகையில் 122 பிட் ரேண்டம். 53 போட்டுப் பின்னால் 35 சைபர் போட்டால் எத்தனையோ கிட்டத்தட்ட அத்தனை எண்கள். நொடிக்கு நூறு கோடி வீதம் சுமார் 85 வருஷம் உண்டாக்கிக்கொண்டே இருந்தால்தான் ஒரு மோதலுக்குப் பாதி வாய்ப்பு வரும். இங்கே யாரும் யாரையும் கேட்க வேண்டாம். பாரிசும் வேண்டாம், டவரும் வேண்டாம். ஆனால் ரேண்டம் உண்மையிலேயே ரேண்டமாக இருக்க வேண்டும். விளையாட்டுக்குப் பயன்படுத்துகிற சாதாரண ரேண்டம் பங்ஷனில் நாமே கோடு எழுதி யூ.யூ.ஐ.டி. செய்யக்கூடாது. மொழியோடு வரும் தயார் பங்ஷனையே கூப்பிட வேண்டும்.

முதலாவது வகை யூ.யூ.ஐ.டி. இன்னும் சுவாரசியம். அதில் நேரமும், கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு எண்ணும் சேர்ந்திருக்கும். நேரத்தை எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் தெரியுமா? 1582 அக்டோபர் 15! போப்பாண்டவர் கிரிகோரி காலண்டரைத் திருத்திய நாள். அன்றைக்குச் சவேரியார் இந்தக் கரைக்கு வந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. அந்தோணிகளுக்கு எண் கொடுக்கப் போன இடத்தில் போப்பாண்டவரைச் சந்திப்போம் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. ஆனால் கார்டு எண் உள்ளே இருப்பதால், எந்த மெஷினில் உண்டானது என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம். 1999-ல் மெலிசா வைரசை அனுப்பியவரைப் பிடிக்க இது உதவியதாகச் சொல்வார்கள். திருடனைப் பிடிக்க நல்லதுதான், ஆனால் நல்லவர்களையும் காட்டிக்கொடுக்குமே.

ரேண்டம் எண்ணில் ஒரு கஷ்டம் உண்டு. டேட்டாபேஸ் தன் இண்டெக்சைக் கீ வரிசையில் அடுக்கி வைக்கிறது. வரிசை எண் என்றால் புது வரிசை எப்போதும் கடைசியில் போய் உட்காரும். ரேண்டம் என்றால் நடுவில் எங்கேயாவது பிளந்துகொண்டு நுழையும். லட்சக்கணக்கில் போகும்போது வேகம் குறையும். அதனால் 2024 மே மாதம் வந்த புது விதிமுறையில் (ஆர்.எப்.சி. 9562) ஏழாவது வகை என்று ஒன்றைச் சேர்த்தார்கள். முன்னால் 48 பிட் நேரம், மில்லி செகண்டில், பின்னால் ரேண்டம். நேர வரிசையிலும் அடுங்கும், மோதவும் மோதாது. எங்கள் டேபிளில் உள்ளே இதைத்தான் போட்டிருக்கிறோம்.

ஆனால் சித்தப்பாவிடம் 36 எழுத்தைக் கொடுத்து இதுதான் உம்ம நம்பர் என்றால் என்ன சொல்வார்? சொன்னார். "எய்யா, இத நான் வாயால சொல்லவா, இல்ல பச்ச குத்திக்கிடவா?" மனுஷன் வாயால் சொல்கிற எண் வேறு, மெஷின் பேசுகிற எண் வேறு. அதனால் வெளியே கார்டில் போட ஒரு சின்ன எண்: லேப்டாப்புக்கு ஒரு எழுத்து, நாலு இலக்கம், கடைசியில் கண்டெய்னர் மாதிரி ஒரு காவல் இலக்கம். லேப்டாப் எழுத்தில் 'ஓ'-வும் 'ஐ'-யும் கிடையாது, சைபரோடும் ஒன்றோடும் குழம்பும். (நம்ம பழைய தமிழ் எண்களில் ஒன்று 'க' மாதிரியே இருக்கும். பழைய கணக்கர்கள் எப்படித்தான் சமாளித்தார்களோ!) ஊர் எழுத்தை முன்னால் போடலாமா என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். நான் வேண்டாம் என்றேன். பெண் வீட்டோடு போய்த் தங்குகிற மாப்பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய. மணப்பாட்டு ஆள் ஆலந்தலையில் குடியேறினால் அவர் எண் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். எண்ணுக்குள் அர்த்தத்தைத் திணித்தால், அர்த்தம் மாறுகிற அன்று எண்ணையும் மாற்ற வேண்டி வரும். லேப்டாப் எழுத்து அப்படி இல்லை, எங்கே பதிவானது என்பது மாறப்போவதே இல்லை.

இத்தனையும் செய்து முடித்து இரண்டாவது ரிவ்யூ போனோம். சார் மறுபடி ஒரே கேள்வி. "எண் மோதாது, சரி. ஆள் ரெண்டு தடவ வந்துட்டா?"

காலையில் முதல் லேப்டாப்பில் ஜோ. அந்தோணி என்று பதிந்துவிட்டு, சாயங்காலம் இரண்டாவது லேப்டாப்பில் ஜே. ஆண்டனி என்று பதிந்தால், அவருக்கு இரண்டு யூ.யூ.ஐ.டி. கிடைக்கும். இரண்டும் உலகத்திலேயே தனித்தன்மை வாய்ந்தவை! எண்ணின் தனித்தன்மை ஆளின் தனித்தன்மை ஆகாது. முன்னால் மனசில் வைக்கச் சொன்ன இரண்டு தொல்லையில், ஒரே பெயரில் பல ஆட்கள் என்ற தொல்லையை எண் தீர்க்கிறது. ஒரே ஆளுக்குப் பல பெயர் என்ற தொல்லையை எந்த எண்ணும் தீர்க்காது. ஆதாரையே பாருங்கள். 2010 செப்டம்பர் 29-ல் மகாராஷ்டிராவின் தெம்ப்லி கிராமத்தில் முதல் எண் கொடுத்தார்கள். அதுவும் 12 இலக்க ரேண்டம் எண்தான், கடைசி இலக்கம் வெர்ஹோப் என்ற டச்சுக் கணிதக்காரரின் முறைப்படி வருகிற காவல் இலக்கம். எண் உண்டாக்குவது சுலபமான பாதி. கைரேகையையும் கண்ணையும் எடுத்து, ஏற்கெனவே பதிவான அத்தனை பேரோடும் ஒப்பிட்டு 'இவர் முன்பு வரவில்லை' என்று சொல்வதுதான் கஷ்டமான பாதி. எங்கள் ஆட்களுக்கு அதிலும் தொல்லை, வடக்கயிறு இழுத்து இழுத்து ரேகை தேய்ந்த விரல்கள்.

எங்களிடம் கண் பார்க்கும் மெஷின் இல்லை. அதனால் பெயரை ஒலியை வைத்து ஒப்பிடுகிற ஒரு சின்னக் கோடு எழுதினோம். அந்தோணி, அந்தோனி, ஆண்டனி எல்லாம் ஒரே குவியலில் விழும். அப்பா பெயர், பிறந்த வருஷம், பட்டப்பெயர் (ஆமாம், அதற்கு ஒரு பீல்டு போட்டோம்!) ஒத்துப்போனால் புரோகிராம் இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். அதுவே சேர்க்காது, சங்கத்துச் செயலாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், இதைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கவே கூடாது. இரண்டு அந்தோணியை ஒன்றாக்கினால் ஒருவருக்கு நிவாரணம் போய்விடும், அது எந்த வீட்டில் போய் விழும் என்று எனக்குத் தெரியும்.

பதிவு முடிந்த அன்று அப்படி நிறைய ஜோடிகள் திரையில் வந்தன. செயலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இது அப்பன், இது மவன்... இவன் வேற, அவன் மேலத்தெரு... இது ரெண்டும் ஒரே பயதான், சாயங்காலம் போதையில திரும்ப வந்துட்டான்" என்று ஒவ்வொன்றாகத் தீர்த்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சித்தப்பாவும் அந்த இன்னொரு அந்தோணியும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. "ரெண்டும் ரெண்டு ஆளு" என்றார் செயலாளர். பட்டனை நான்தான் அழுத்தினேன்.

ஒரே ஒரு ஜோடி மட்டும் மிச்சம். இரண்டும் மிக்கேல், அப்பா பெயர் ஒன்று, பிறந்த வருஷம் ஒன்று, ஒன்றில் பட்டப்பெயர் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. இரட்டைப் பிள்ளைகளாகவும் இருக்கலாம் என்கிறார் செயலாளர், ஆனால் இரட்டைக்கு ஒரே பெயரா வைப்பார்கள்? ஆள் கேரளாவுக்குத் தொழிலுக்குப் போயிருக்கிறார். இரண்டு வரிசையும் இரண்டு எண்ணோடு டேபிளில் அப்படியே இருக்கின்றன. கிறிஸ்துமசுக்கு வருவார், கேட்க வேண்டும்.